மெர்னா சொன்னதும் டெனீஸ் எழுதியதும்

மெர்னா வாய் திறக்க ஏழு மாதம் ஆயிற்று. அதுவும் கிளினிக்கில் அல்ல. முதியோர் இல்லத்துச் சலவைக் கொட்டகையில், ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு.

கிளினிக்கில் டெனீஸுக்கென்று ஓர் அறை இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை, சுவரில் பெலிக்கன் படம், ஈரக்காற்று வீசும் கூலர். நாற்பத்தாறு டிகிரி வெயில் அடிக்கிற நாளில் மில்பரா ஊரிலேயே குளுமையான இடம் அதுதான். ஆனாலும் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். "மண்டை டாக்டர் ரூமுக்குள்ள போனா மண்டையில என்னவோன்னு ஊர் பேசும்" என்று வெளியே மரத்தடியில் நின்று சிகரெட் பிடிப்பார்கள். அவளுக்கு முன்னால் வந்த உளவியலாளர்கள் அந்த அறையில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஆறு மாதத்தில் சிட்னிக்குத் திரும்பிவிட்டார்கள்.

டெனீஸுக்கு இது மூன்றாவது வருடம். அவளும் இந்த ஊர்க்காரர்களைப் போல ஆற்றங்கரைப் பழங்குடிதான். பாகா ஆற்றோடு மேலே முந்நூறு கிலோமீட்டர் போனால் அவள் பிறந்த ஊர். வந்த முதல் வாரம் கடையில் ரொட்டி வாங்க நின்றபோது, வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பி, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். தாய்வழித் தாத்தாவின் பெயரைச் சொன்னாள். அவர் கூரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுவிட்டு, "அப்ப நீ பெரிலுக்கு மக முறை" என்றார். அவ்வளவுதான். என்ன படித்தாய், எங்கே படித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பெரில்தான் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. அறுபதை நெருங்கிய கனத்த உடம்பு. முழங்கால் இரண்டும் போய்விட்டது. நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு உரித்துப் போட்டுவிட்டு ஒரு நாள் நேராகக் கிளினிக்குக்கு வந்தாள்.

"ஏ பிள்ள, என் அக்கா மக மெர்னா தூங்கமாட்டேங்குறா. என்னன்னு பாரு."

"கூட்டிட்டு வாங்க, சித்தி."

"அவ இங்க வருவாளா? நீ போ. போய்ச் சும்மா நில்லு. நிக்கிறதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?"

மெர்னாவின் தம்பி முந்தின வருடம் நெடுஞ்சாலையில் வண்டி புரண்டு செத்துப்போயிருந்தான். செத்தவர் பேரைச் சொல்லக்கூடாது என்பது வழக்கம்; அவன் பேரையும் ஊரில் யாரும் சொல்வதில்லை. 'அந்தத் தம்பி' என்றுதான் சொல்வார்கள். தாய் செத்தபின் அவனை வளர்த்தவள் மெர்னா. அவளுக்கு இருபத்தொன்பது வயது. ஜேலீன், ஓபல் என்று இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு ஐந்து வயது, சின்னவள் பால் குடிக்கிற குழந்தை. புருஷன் ஜேரட் ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவன். பண்ணை பண்ணையாகப் போவான், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வருவான்.

மெர்னா வேலை பார்க்கிற சலவைக் கொட்டகைக்கு டெனீஸ் போய்ச் சும்மாதான் நின்றாள். கொட்டகைக்குள் இரண்டு இயந்திரமும் ஒன்றாக ஓடினால் பேச்சே கேட்காது. மேலே தகரம், கீழே வெந்நீர் ஆவி. மெர்னா ஈரத் துணியை அள்ளி வெளியே கொடியில் போட்டால், கடைசித் துணி போடும்போது முதல் துணி காய்ந்திருக்கும். அப்படி ஒரு காற்று, அப்படி ஒரு வெயில். முதல் நாள் அவள் டெனீஸின் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாம் நாள் ஒரு விரிப்பின் மறுமுனையை அவள் பக்கம் வீசி, "சும்மா நிக்கிறதுக்கு இதைப் பிடி" என்றாள்.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். முனையோடு முனை சேர்த்து, உதறி, நடந்து வந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்குகிற மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் டெனீஸ் அதைச் செய்தாள். எத்தனை நூறு விரிப்பு மடித்தாள் என்று சொல்ல முடியாது. பேச்செல்லாம் மீன், மழை, யார் யாரோடு ஓடிப்போனார்கள் என்பதுதான்.

"உங்க ஊர்ல மஞ்சவயித்து மீன் கிடைக்குதா?"

"எங்க கிடைக்கு? மேல இருக்கிற பருத்திப் பண்ணைக்காரன் தண்ணியை எடுத்துக்கிடுறான். சேத்துக் கெண்டைதான்."

"கெண்டையை நாய்கூடத் தின்னாது."

"எங்க மாமா தின்பாரு."

"அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"மூணு தடவை."

அப்படிச் சிரித்துப் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். மெர்னா அவளை 'அக்கா' என்று கூப்பிடத் தொடங்கினாள். அக்டோபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, விரிப்பை உதறிவிட்டு நடந்து வந்தவள், முனையை டெனீஸின் கையில் கொடுக்காமல் பிடித்தபடியே நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்தத் தம்பியை அடக்கம் பண்ணி மூணு வாரம் இருக்கும். ஜேரட் பண்ணையில இருந்தான். ஓபல் அழுதுக்கிட்டே இருந்தா. மத்தியானம். ரெண்டு பேரையும் கார்ல ஏத்தினேன். அணைக்கட்டு வளைவு இருக்கில்ல, அங்க போனேன். ஆத்தைப் பாத்து வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருந்தேன்."

டெனீஸ் தன் பக்கத்து முனையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"என்ன நினைச்சேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பின்னாலேர்ந்து ஜேலீன், 'அம்மா, மீன் பிடிக்கவா வந்தோம்? தூண்டிலை எடுக்காம வந்துட்டியே'ன்னா. எனக்குச் சிரிப்பு வந்திடுச்சு. வண்டியைத் திருப்பிட்டேன். வீட்டுக்கு வந்து அவளுக்கு மாவு பிசைஞ்சு ஜானிகேக் சுட்டுக் குடுத்தேன்."

"அதுக்கப்புறம் அப்படி நினைப்பு வந்துச்சா?"

மெர்னா விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். "போன வாரம் ஒரு நாள். போகலை. நினைப்புதான்."

அன்று சாயங்காலம் வரை டெனீஸ் அவளோடு இருந்தாள். பிள்ளைகளையும் மெர்னாவையும் பெரில் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பெரிலிடம் இரண்டே வரியில் விஷயத்தைச் சொன்னாள். பெரில் கேட்டுக்கொண்டு, கார்ச் சாவியை வாங்கித் தன் உள்ளாடைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு டெனீஸ் கிளினிக்குக்கு வந்தாள். அங்கே நெரிடா மட்டும் இருந்தாள். பதினெட்டு வருடமாக அங்கே வேலை பார்க்கிற சுகாதாரப் பணியாளர். ஊரில் பாதிப்பேருக்குத் தடுப்பூசி போட்டவள்.

"குழந்தைங்க நலத்துறைக்கு எழுதணும், நெரிடா. சட்டம் அப்படி இருக்கு."

"எழுதாதே."

"குழந்தைங்க உசிரு."

"எனக்குத் தெரியாதா? இன்னைக்கே நான் பெரில் வீட்டுல போய்ப் படுத்துக்கிறேன். ஜேரட்டுக்குப் போன் போடு, வந்து சேருவான். நீ தினமும் போய்ப் பாரு. மாத்திரை வேணும்னா டாக்டர் எழுதட்டும். வெல்ஃபேர்காரன் காதுக்கு மட்டும் போகவிடாதே."

"எழுதாம விட்டு ஏதாவது ஆயிட்டா?"

"எழுதி ஏதாவது ஆயிட்டா?"

டெனீஸுக்கு ஒரு பழைய பயம் இருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால், வேறொரு ஊரில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒரு மனிதரைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனாள். அவருக்குத் திங்கட்கிழமை வரவில்லை. அதிலிருந்து எதையும் நாளைக்கு என்று அவள் வைப்பதில்லை.

ஆனால் மெர்னாவுக்குத் தெரியாமல் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை பெரில் வீட்டுக்குப் போனாள். மெர்னா பின்கட்டில் அடுப்பு மூட்டிக் கங்காரு வாலைச் சாம்பலில் புரட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஓபல். ஜேலீன் ஒரு கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

டெனீஸ் எல்லாவற்றையும் சொன்னாள். மெர்னா குச்சியைக் கீழே வைத்தாள்.

"உன்கிட்ட சொன்னதை அவங்ககிட்ட சொல்லப் போறியா?"

"நாமே முதல்ல போய்ச் சொல்லிட்டா நல்லது. பிள்ளைங்க சித்தி வீட்டுல இருப்பாங்க. நீயும் இங்கயே இரு. நான் தினமும் வருவேன். வைத்தியம் நடக்குது, குடும்பம் கூட இருக்குன்னு எழுதுவேன். அப்ப அவங்க வந்து பாத்துட்டுப் போயிடுவாங்க."

"எங்க அம்மாவை ஏழு வயசுல வெல்ஃபேர்காரங்க லாரியில ஏத்திட்டுப் போனாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அதுக்கும் ஒரு நல்ல பொம்பளைதான் எழுதினாளாம். நர்ஸு. வீட்டுக்கு வந்து டீ குடிப்பாளாம்."

ஜேலீன் கோழியைப் பிடித்துவிட்டாள். "அம்மா, பாரு!" என்று கத்தினாள். மெர்னா அவளுக்குக் கையை ஆட்டினாள்.

"மெர்னா, என்னைப் பாரு. பிள்ளைங்களைக் கொண்டுபோக விடமாட்டேன்."

மெர்னா கீழே கிடந்த குச்சியை எடுத்து வாலைப் புரட்டினாள். பிறகு, "அப்படின்னா எழுது. நான் சொன்ன மாதிரியே எழுது. கூட்டாதே, குறைக்காதே" என்றாள். டெனீஸ் அங்கேயே, பெரிலின் சமையல் மேசையில் உட்கார்ந்து எழுதினாள். எழுதியதை வாசித்துக் காட்டினாள். "'தாய்'னு போட்டிருக்கியே, என் பேரைப் போடு" என்று ஓர் இடத்தில் மெர்னா திருத்தினாள். கடைசியில் அவளும் கையெழுத்துப் போட்டாள். பிறகு பெரிலும் சேர்ந்து மூன்று பேரும் வாலைப் பிய்த்துத் தின்றார்கள்.

வியாழக்கிழமை வந்தார்கள்.

டெனீஸ் அன்று நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி இன்னோர் ஊரில் வைத்தியம் பார்க்கிற நாள். நெரிடா போனில், "வா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். செம்மண் சாலையில் டெனீஸ் எப்படி ஓட்டி வந்தாளோ, ஈமு ஒன்று குறுக்கே ஓடியதுகூடப் பின்னால்தான் நினைவுக்கு வந்தது. பெரில் வீட்டு வாசலில் ஒன்றுமில்லை. சக்கரத் தடம் மட்டும் இருந்தது. எதிர்வீட்டில், பக்கத்து வீட்டில், எல்லாரும் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார்கள்.

பெரில் படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் இன்னும் உருளைக்கிழங்கு உரிக்கிற கத்தி. பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள்.

"ரெண்டு வண்டி. ஒண்ணு போலீஸு" என்றாள். "நான் வர்றதுக்குள்ள சின்னதைக் கார்ல, குழந்தை நாற்காலியில வச்சுக் கட்டிட்டாங்க. பெரிசு இருக்கே, வேலிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டா. விரல் விரலா எடுத்தாங்க. ஒரு விரலை எடுத்தா இன்னொண்ணைப் பிடிக்கா. அவ்வளவு பலம் எங்கிருந்து வந்துச்சோ."

"சித்தி..."

"நான் சொன்னேன், ஐயா, இந்த வீடு நான் கழுவித் தொடைச்சு வச்சிருக்கேன், இங்க இருக்கட்டும்னு. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம். ஒரே படுக்கையறையாம். என் மருமகன் போன வருஷம் ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவனாம், அவன் இங்க வந்து படுப்பானாம். எல்லாம் அவங்க தாள்ல இருக்கு. தாழ்ப்பாள் வாங்கிப் போட ஒரு நாள் ஆகுமா பிள்ள? ஒரு நாள் ஆகுமா?"

உள்ளே மெர்னா தரையில் உட்கார்ந்திருந்தாள். சட்டையின் முன்பக்கம் இரண்டு பக்கமும் பால் ஊறி நனைந்திருந்தது. டெனீஸ் வாசலில் நின்றாள்.

"மெர்னா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. முன்பின் பார்க்காத ஆளைப் பார்ப்பது போல இருந்தது.

"நீங்க போங்க, டாக்டரம்மா" என்றாள்.

டெனீஸ் நலத்துறைக்குப் போன் செய்தாள். ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். கோப்பு வேறோர் அலுவலகத்துக்குப் போய்விட்டது, கோப்பைப் படித்தவர் விடுப்பில் இருக்கிறார், ஆபத்தின் அளவை வைத்துத்தான் முடிவெடுத்தோம் என்றார்கள். கடைசியில் பேசிய பெண் இளவயசுக்காரி. குரலில் கெட்டவள் இல்லை. "உங்க அறிக்கை ரொம்பத் தெளிவா இருந்துச்சு. எங்களுக்கு உதவியா இருந்துச்சு" என்றாள். டெனீஸ் போனை வைத்துவிட்டு, பெலிக்கன் படத்துக்குக் கீழே, யாரும் உட்காராத நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

நான்காம் நாள் மெர்னாவுக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. நெரிடாதான் போய்ப் பார்த்தாள். முட்டைக்கோஸ் இலையைக் குளிரவைத்து மார்பில் கட்டினார்கள். வற்றுவதற்கு மாத்திரை கொடுக்கட்டுமா என்று நெரிடா கேட்டதற்கு, "வேண்டாம். திரும்பி வந்தா குடிக்கணுமில்ல" என்றாளாம். ஆறு வாரம் கையால் பிழிந்து கொட்டிக்கொண்டிருந்தாள். ஏழாவது வாரம் அதுவாக நின்றுவிட்டது. ஜேரட் வந்தான், சுவரில் இரண்டு குத்து விட்டான், கை எலும்பு முறிந்தது. கை முறிந்தவனுக்குக் கத்தரிக்கிற வேலை ஏது? வீட்டிலேயே கிடந்தான். இருவரும் ஒரே வீட்டில் இரண்டு ஊர்க்காரர்கள் போல இருந்தார்கள்.

கிளினிக்குக்கு வருகிறவர்கள் டெனீஸைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். மரத்தடியில் அவளோடு நின்று சிகரெட் பிடித்தவர்கள் மரத்தை மாற்றிக்கொண்டார்கள். இரண்டு வருடமாகக் குடியை விட்டுவிட்டு வாரம் தவறாமல் அவளிடம் வந்துகொண்டிருந்த ஒருவர் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போனாள். மனைவி கதவைத் திறக்காமல், "அவருக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை" என்றாள். கடைக்குப் போனால் வரிசையில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது.

ஒரு நாள் அறையில் புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது நெரிடா வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"எங்க?"

"ராஜினாமா குடுத்துடலாம்னு."

"வந்தா, எழுதினா, போனா. அவ்வளவுதானா?"

"யாரும் எங்கிட்ட வரலை, நெரிடா. நான் இருந்து என்ன பிரயோசனம்?"

"அடியே, உன்னை நான் அன்னைக்கே எழுதாதேன்னேன். கேக்கலை. சரி, போகட்டும். நீ எழுதினதுல பொய் இல்லை, எனக்குத் தெரியும். ஆனா 'கொண்டுபோக விடமாட்டேன்'னு சொன்னியாமே, அது யாரு வீட்டு அதிகாரம்னு சொன்னே? அதுக்கு இருந்து ஏச்சு வாங்கு. ஏசுறதுக்காவது அவளுக்கு ஓர் ஆள் வேணாமா?"

டெனீஸ் புத்தகங்களை மறுபடியும் அடுக்கினாள்.

நீதிபதி மாதம் ஒரு தடவை சின்ன விமானத்தில் வருவார். மூன்றாவது விசாரணையில் டெனீஸைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள். மெர்னா முதல் வரிசையில், முதியோர் இல்லத்தில் யாரோ கொடுத்த நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாள். நலத்துறை வக்கீல் ஒரு தாளை எடுத்தார்.

"'மெர்னா இரண்டு குழந்தைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குச் சென்று, அங்கே காரை நிறுத்தியிருக்கிறார்.' இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

"உண்மையா?"

"உண்மை. அடுத்த வரியையும் வாசிங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்."

"அடுத்த வரியில, வண்டியைத் திருப்பிட்டான்னு இருக்கு. வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு ரொட்டி சுட்டுக் குடுத்தான்னு இருக்கு. சொல்றதுக்கு யாரும் கட்டாயப்படுத்தலை, அவளே வந்து சொன்னான்னு இருக்கு. அவ சொல்லலைன்னா உங்க யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது. சொன்னதுக்குத்தான் இந்தத் தண்டனை. இனிமே இந்த ஊர்ல எந்தத் தாயும் வாய் திறக்கமாட்டா. அதையும் எழுதிக்கங்க."

நீதிபதி அவளை அமைதியாக இருக்கச் சொன்னார். மெர்னா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் ஐந்தாம் மாதம் ஜேலீனைப் பெரில் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவாயிற்று. பெரில் பின்கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் போட்டிருந்தாள்; மெர்னாவும் அங்கேயே வந்து தங்கினாள். திரும்பி வந்த ஜேலீன் இரண்டு மாதம் வேலிப் பக்கமே போகவில்லை. வெள்ளைக் கார் எது வந்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

ஓபலை அனுப்பவில்லை. குழந்தை வளர்ப்பு வீட்டில் நல்லபடியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, இப்போது பிரித்தால் அதற்குக் கேடு என்று அறிக்கை வந்தது. அதை எழுதியதும் ஓர் உளவியலாளர்தான்; டெனீஸுக்குத் தெரியாத ஆள். அதில் இருந்ததிலும் பொய் இல்லை.

மாதம் ஒரு தடவை இரண்டு மணி நேரம் பார்க்கலாம். அந்த வளர்ப்பு வீடு இருக்கிற ஊருக்கு ஆறு மணி நேரப் பயணம். மெர்னா வாரம் ஒரு தடவை வருகிற பஸ்ஸில் போய், அங்கே ஒரு தங்கும் விடுதியில் மூன்று நாள் காத்திருந்து பார்த்துவிட்டு வருவாள். டெனீஸின் காரில் ஏறமாட்டாள். ஒரு தடவை மழை பெய்து கரிசல் பாதை மூடி, பஸ் வரவில்லை. தார்ச்சாலை வழியாகச் சுற்றிப் போனால் ஒன்பது மணி நேரம். விடியற்காலை டெனீஸ் பெரில் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்திக் காத்திருந்தாள். மெர்னா வெளியே வந்தாள், நின்றாள், பின்கதவைத் திறந்து பின்னால் உட்கார்ந்தாள். மடியில் துணி சுற்றிய ஜானிகேக் டப்பா.

முந்நூறு கிலோமீட்டர் வரை பேச்சே இல்லை. பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் டெனீஸ் டீ வாங்கி நீட்டினாள். மெர்னா வாங்கிக்கொண்டாள்.

"சர்க்கரை எத்தனை போட்டீங்க?"

"நாலு."

"ம்."

இன்னும் நூறு கிலோமீட்டர் போனபின் பின்னாலிருந்து குரல் வந்தது. "அன்னைக்கு நான் சொல்லாம இருந்திருக்கலாம்."

"சொல்லாம இருந்து உனக்கு ஏதாவது ஆயிருந்தா..."

"அது எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லலை. சொன்னப்புறம் ரெண்டு நாள் நான் தூங்கினேன். எத்தனை மாசத்துக்கு அப்புறம் தெரியுமா? நல்ல தூக்கம். அதை நினைச்சாத்தான் ஆத்திரமா வருது."

டெனீஸ் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் வேலையில் அப்படி அழக்கூடாது. வந்தவர்கள்தான் அழ வேண்டும். மெர்னா ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு, "போங்க. நேரமாகுது. ரெண்டு மணி நேரத்துல அரைமணி போயிடும்" என்றாள்.

பார்க்கிற இடம் ஒரு சின்ன அறை. மூலையில் உட்கார்ந்து ஒரு பெண் குறிப்பெழுதினாள். அன்று ஓபல் மெர்னாவின் கையிலிருந்த ஜானிகேக்கை வாங்கி, ஒரு கடி கடித்து, தன்னைக் கூட்டி வந்த வளர்ப்புத் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். வளர்ப்புத் தாய்க்கு முகம் சிவந்துவிட்டது. அவளும் நல்லவள்தான். "உங்க அம்மாகிட்டயே குடு, கண்ணு" என்று திருப்பி அனுப்பப் பார்த்தாள். குழந்தைக்கு விளங்கவில்லை.

பத்தொன்பது மாதம் கழித்து ஓபலைக் கொடுத்தார்கள். மெர்னா மாத்திரை தவறவில்லை, வேலை தவறவில்லை, ஒரு சந்திப்பும் தவறவில்லை. புது நீதிபதி எல்லாத் தாள்களையும், எல்லா வரிகளையும் படித்தார். ஜேரட் பழைய வேலைக்குப் போயிருந்தான். உத்தரவு வந்த அன்று பண்ணையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்தான். ஊரே பெரில் வீட்டில் கூடியது. ஆட்டுத் தொடையும் பூசணியும் சுட்டார்கள். வளர்ப்புத் தாய் குழந்தையை இறக்கிவிட்டு, அழுதுகொண்டே காரில் ஏறினாள். ஓபல் அந்தக் காருக்குப் பின்னால் ஓடினாள். 'மம்மி, மம்மி' என்று தெருக்கோடி வரை ஓடினாள். சமைத்ததை ஒருவரும் தொடவில்லை.

மூன்று நாள் ஓபல் அழுதாள். நான்காம் நாள் பெரில் கிளினிக்குக்குப் போன் செய்தாள்.

"மெர்னா உன்னைக் கூப்பிடலை. நான்தான் கூப்பிடுறேன். வா."

டெனீஸ் போனாள். அழுகை நின்றிருந்தது. வீடு அமைதியாக இருந்தது. ஜேலீன் தங்கச்சிக்கு ஒரு பொம்மைக் குதிரையைக் காட்டி, "இது உனக்கு. இங்க எல்லாம் உனக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஓபல் சோபாவின் ஓரத்தில், காலைச் சேர்த்து வைத்து, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. வந்த உடுப்பைக் கழற்ற விடவில்லை போல, கழுத்தருகே அழுக்காகியிருந்தது. மெர்னா அடுக்களை வாசலில் நின்றாள்.

"அழுகையை நிறுத்திட்டா" என்றாள் டெனீஸைப் பார்த்து. "நல்லதா, கெட்டதா?"

"களைச்சுப்போயிருப்பா."

"உங்க படிப்புல என்ன போட்டிருக்கு? எத்தனை நாள் ஆகும்?"

"தெரியலை, மெர்னா."

மெர்னா தலையை ஆட்டினாள். பிறகு உள்ளே போய் ஒரு தம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தாள். சோபாவுக்கு முன்னால், கொஞ்சம் தள்ளி, முழங்கால் போட்டு உட்கார்ந்து நீட்டினாள். ஓபல் தம்ளரைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"தேங்க்யூ, மெர்னா" என்றாள்.

யாரோ அவளை நன்றாக வளர்த்திருந்தார்கள். அடுத்தவர் வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அடுப்படியில் பெரில் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை வாயில் அழுத்திக்கொண்டாள். மெர்னா அசையவில்லை. "குடி, கண்ணு. மெதுவாக் குடி" என்றாள். குழந்தை சிந்தாமல், சின்னச் சின்ன மடக்காகக் குடித்தாள். அவள் குடித்து முடிக்கும் வரை மெர்னா முழங்காலிட்டபடியே இருந்து, காலித் தம்ளரைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.